மடக்கு ரெக்கை

தங்கத்தாய்: அசையாம இருலே... மஞ்சப்பொடி வைக்க வேண்டாமா? பெருவெரல் நகமே பேந்துருச்சு பாரு.

செல்வக்குமார்: ஒண்ணுமில்லக்கா. கல்லு தட்டிருச்சு.

தங்கத்தாய்: பொறந்து வளந்த தெரு. அதுவும் என் வீட்டு முக்குல வந்தா தட்டணும்?

செல்வக்குமார்: நாலு வருசம் கழிச்சு வாரேன்ல... தெருவுக்கு என் மேல கோவம் போல.

தங்கத்தாய்: பேச்சுக்குக் கொறச்சலே இல்ல. ஆளுதான் துபாய்க்குப் போனான், வாயி சிவகாசியிலயே கெடக்கு.

செல்வக்குமார்: ஸ்ஸ்ஆ... எரியுதுக்கா!

தங்கத்தாய்: எரியட்டும். ஏரோப்பிளேன் ரெக்கை நுனியோட கூடவே நடக்குறது இவன் உத்தியோகம். எங்கயும் இடிச்சுராமப் பாக்கணுமாம். இங்கன சொந்த அக்கா வாசல்ல குப்புற விளுறான். சொன்னா ஊரு சிரிக்கும்.

செல்வக்குமார்: சொல்லாம இரேன்.

தங்கத்தாய்: சரி, காப்பியக் குடி. ஆறுது.

செல்வக்குமார்: குடு.

தங்கத்தாய்: என்னத்தக் குடு? வச்சு எம்புட்டு நேரமாச்சு. ஒன் எடது கைப்பக்கம் பாரு.

செல்வக்குமார்: அட... பேச்சுல கவனிக்கல.

தங்கத்தாய்: ம்...

செல்வக்குமார்: என்ன ம்?

தங்கத்தாய்: சீனி போதுமான்னு கேட்டேன்.

செல்வக்குமார்: கேக்கவேயில்லையே நீ.

தங்கத்தாய்: இப்பக் கேக்குறேன். ஆமா, லீவு எம்புட்டு நாளு?

செல்வக்குமார்: பத்து நாளு. பங்குனிப் பொங்கல் முடிஞ்சதும் கெளம்பணும்.

தங்கத்தாய்: பத்து நாளைக்கா மூணு பெட்டி?

செல்வக்குமார்: எல்லாம் ஒங்களுக்கு வாங்குன சாமான்தான்.

தங்கத்தாய்: ஓகோ. ஒரு பெட்டி வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு, நான் பாத்தேன். கைப்பிடி ஒடஞ்ச குக்கரு. அதுவும் எனக்கு வாங்குனதா?

செல்வக்குமார்: அது... அது வந்து... ரிப்பேருக்கு.

தங்கத்தாய்: அடேயப்பா! துபாய்ல ஆளு இல்லாம குக்கரப் பிளேன் ஏத்திக் கொண்டாந்துட்டான்!

செல்வக்குமார்: விருதுநகர் பஜார்ல ஒருத்தரு நல்லாப் பாப்பாருக்கா.

தங்கத்தாய்: விருதுநகர்லதான ஒன் பொண்டாட்டி ரோஜாவும் இருக்கா. நேரா வீட்டுக்குப் போகாம இங்கன எதுக்குலே வந்து எறங்குன?

செல்வக்குமார்: நீதான போன்ல அளுத? "ரெக்கைக்கு ஆணி அடிக்கப் போறாக, ஒடனே வா"ன்னு.

தங்கத்தாய்: அளுதேன்தான். இப்பவும் அளுகையாத்தான் வருது. நாளைக்குச் சப்பரம். கருப்பணன் சின்னையா விளாக் கமிட்டிக்குத் தலைவரா வந்ததுல இருந்து இதே பேச்சு. தெருவுல மடக்கிக் கொண்டாந்து நம்ம முக்குல விரிக்குற சப்பரத்து அன்ன ரெக்கைக்கு ஒரு ஆளு பொறுப்பேத்துக்கிட்டா விரிப்பாகளாம். இல்லன்னா மடக்குன வாக்குலயே ஆணி அடிச்சு, அப்படியே விட்டுருவாகளாம். இன்னைக்குப் பொளுது சாயுறதுக்குள்ள முடிவு சொல்லணும்.

செல்வக்குமார்: அதான் வந்துட்டேன்ல.

தங்கத்தாய்: வந்துட்ட. வந்ததுல இருந்து ரெக்கையப் பத்தி ஒரு வார்த்தை பேசக் காணோமே.

செல்வக்குமார்: பேசுவோம், பேசுவோம்... அதுக்கு முன்னால ஒண்ணு சொல்றேன் கேளு. புதுசா ஒரு பிளேன் வரப்போவுதுக்கா. சோதனைக்குக் கொண்டாந்தப்ப நேர்ல பாத்தேன். அதுக்கு ரெக்கை மடங்குது.

தங்கத்தாய்: போலே!

செல்வக்குமார்: சத்தியமா. ரெக்கை அம்புட்டு நீளம். நீளமா இருந்தாத்தான் எண்ணெய் கம்மியாக் குடிச்சு ரொம்ப தூரம் பறக்குமாம். ஆனா ஏர்போர்ட்ல பிளேன் வந்து நிக்குற எடம் இருக்கே, அது பளைய அளவுதான. விரிச்சபடியே உள்ள போனா பக்கத்துப் பிளேன்ல இடிச்சுரும்.

தங்கத்தாய்: நம்ம தெரு கணக்காத்தான்னு சொல்லு.

செல்வக்குமார்: அதே. அதனால ரெக்கையில நுனிய மட்டும் மடக்குறான். அதுவே ரெண்டு ஆளு ஒசரம் இருக்கும். தரைக்கு வந்ததும் மேல நட்டமாத் தூக்கிக்கிரும். பறக்கப் போறதுக்கு முன்னால எறக்கி விரிச்சுக்கிரும்.

தங்கத்தாய்: நட்டுக்கிட்டா நிக்குது? நம்ம சப்பரத்து அன்னம் மாதிரியே?

செல்வக்குமார்: அன்னமேதான். எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பக்கத்துல நின்ன மலையாளத்துக்காரன்கிட்ட, "எங்க தெருச் சப்பரத்துல இது எப்பவோ இருக்குடா"ன்னேன். நம்பலயே அவன்.

தங்கத்தாய்: கூட்டிட்டு வா அவன, காட்டுவோம். கயிறு போட்டா இளுக்குறாக?

செல்வக்குமார்: மோட்டார்க்கா. பைலட்டு ஒரு சுவிட்சத் திருப்புனாப் போதும்.

தங்கத்தாய்: சரி, விரிச்ச ரெக்கை பறக்கையில காத்துக்குத் திரும்ப மடங்கிராதா?

செல்வக்குமார்: கேட்ட பாரு, அதான் கேள்வி! காத்து கீள இருந்து மேல தள்ளும்ல? பூட்டு இல்லன்னா நுனிய அப்படியே தூக்கிரும். அதுக்குன்னு இரும்பு முளை வச்சிருக்கான். விரிஞ்சதும் அதுவாப் போயி நொளைஞ்சு பூட்டிக்கிரும். பூட்டலன்னா உள்ள மணி அடிச்சுரும். பைலட்டு கெளம்பவே மாட்டாரு.

தங்கத்தாய்: கடையாணி!

செல்வக்குமார்: கடையாணியேதான்.

தங்கத்தாய்: அப்ப நம்ம சப்பரத்துல கெடக்குற லாரிக் கதவுக் கீலுக்கும் அதுக்கும் என்னலே வித்தியாசம்?

செல்வக்குமார்: அது பறக்கும்க்கா. நம்மளுது பானக்கம் குடிக்கும்.

தங்கத்தாய்: ஐயோ... ஞாபகப்படுத்தாத! கடையாணிய இடுப்புல சொருகிக்கிட்டே "பூட்டியாச்சு"ன்னு கத்துனியே, பாவி...

செல்வக்குமார்: மீசை மொளைக்காத வயசுக்கா...

தங்கத்தாய்: ரெக்கை அப்படியே தொங்கிப்போயி லட்சுமிகாந்தம் அண்ணாச்சி பானக்கப் பானைக்குள்ள! "அம்மனுக்குத் தாகம்"னு ஊரே சிரிச்சுச்சே.

செல்வக்குமார்: அவரு எங்க சிரிச்சாரு? தேரடி வரைக்கும்ல வெரட்டுனாரு.

தங்கத்தாய்: அன்னைக்கும் என்னைத்தான் கொற சொன்ன. "அக்கா சொன்னது வெடிச் சத்தத்துல கேக்கல, அதான் அவசரப்பட்டுட்டேன்"னு.

செல்வக்குமார்: கேக்கலதான! சரவெடி போட்டா காதுல என்ன விளும்? அதுக்கப்பறந்தான் அந்தக் கட்டுப்பாடே வந்துச்சு, நம்ம முக்குல வெடி கூடாதுன்னு.

தங்கத்தாய்: பட்டாசு செய்யிற ஊர்ல வெடியில்லாம சாமி வார ஒரே எடம்.

செல்வக்குமார்: அந்த அமைதி இருக்கே... துபாய்ல ராத்திரி படுத்தா அதான்க்கா நெனப்புக்கு வரும். ஊரெல்லாம் படபடன்னு வெடிச்சுக்கிட்டு வருவாக. முக்குக்கு வந்ததும் கப்புன்னு நின்னுரும். சப்பரம் இளுக்குறவக மூச்சு வாங்குறதுகூடக் கேக்கும். மருந்து வாடை, சம்பங்கி வாடை... அப்பறம் ஒன் குரலு.

தங்கத்தாய்: போதும்லே.

செல்வக்குமார்: படிக்கல்லு மேல ஏறி நின்னுக்கிட்டு, "எடது வரட்டும்... வரட்டும்... இன்னும் ஒரு சாண்... நில்லு!" நான் ரெக்கைக்கு அடியில கீலப் புடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். நுனி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. நீ சொல்றதுதான் கணக்கு. எடது நான், வலது முனியராஜ். ரெண்டு பேரும் "பூட்டியாச்சு"ம்போம். அம்மன் ரெண்டு ரெக்கையையும் விரிச்சுக்கிட்டு, லைட்டு வெளிச்சத்துல தகதகன்னு...

தங்கத்தாய்: தகதகன்னு என்ன? அம்புட்டும் அச்சாபீஸ்ல காலண்டர் ஓரம் வெட்டிப் போட்ட ஜிகினாப் பேப்பரு. பசை ஒட்டி ஒட்டி என் கைரேகையே அளிஞ்சு போச்சு.

செல்வக்குமார்: அந்த ரெக்கைதான் எனக்குச் சோறு போட்டுச்சு. இன்டர்வியூல "ரெக்கை பக்கம் வேலை பாத்துருக்கியா"ன்னு கேட்டாக. "நெறையப் பாத்துருக்கேன்"னேன். எந்த ஏர்போர்ட்டுன்னாக. "சிவகாசி"ன்னேன். சரின்னு தலையாட்டிட்டாக.

தங்கத்தாய்: பொய் சொல்லி வேலைக்குப் போனவன்!

செல்வக்குமார்: பொய் எங்கக்கா? அதே வேலைதான. பிளேன இளுத்துட்டுப் போற வண்டிக்காரனுக்கு நுனி தெரியாது. ரெண்டு பக்கமும் ஆளு நடந்து, கைக்குச்சியக் காட்டி, வா, நில்லுன்னு சொல்லணும். நீ வாயால சொன்னத நான் குச்சியால சொன்னேன்.

தங்கத்தாய்: அப்பறம் என்ன? முனியராஜு சாத்தூர் தீப்பெட்டி ஆபீஸ்ல லீவு சொல்லிட்டான். வலது பக்கத்துக்கு அவன் ரெடி. எடது நீதான?

செல்வக்குமார்: ஆணி அடிச்சுரச் சொல்லுக்கா.

தங்கத்தாய்: என்னது?

செல்வக்குமார்: மடக்கியே போகட்டும். ஒண்ணும் கொறஞ்சு போயிராது. போன வருசம் ஒடஞ்சுச்சுல்ல?

தங்கத்தாய்: ஏன் ஒடஞ்சுச்சு? கட்டுப்பாடு தெரியாத ஒருத்தன் முக்குல சரவெடியக் கொளுத்திப் போட்டுட்டான். நான் "நில்லு, நில்லு"ன்னு தொண்ட கிளியக் கத்துறேன், ஒருத்தருக்கும் கேக்கல. நுனி போயி என் சன்சேடுல இடிச்சு, பலகை பேந்து, ஒனக்குப் பதிலா எடதுல நின்ன காமராஜ் தோள்ல விளுந்துச்சு. அவன் இனி எடது பக்கமே வரமாட்டேன்ட்டான். அதான ஒன்னையக் கூப்புட்டது?

செல்வக்குமார்: நானும் அந்தச் சன்சேடத்தான் சொல்றேன், அப்பவே போன்ல சொன்னியே. முன்ன அங்கன வெறும் சொவரு. ஒரு சாண் எடம் இருந்துச்சு. நீ சந்து ஜன்னலுக்கு மேல சன்சேடு இளுத்துட்ட. இப்ப அந்த ஒரு சாணும் இல்ல.

தங்கத்தாய்: மளைத்தண்ணி உள்ள அடிச்சுச்சுன்னு போட்டேன். ரெக்கை நெனப்பு எனக்கு வரவேயில்ல. நான்தான் பாவி.

செல்வக்குமார்: நீ என்னக்கா பண்ணுவ.

தங்கத்தாய்: நீ பாத்தியா அத?

செல்வக்குமார்: எத?

தங்கத்தாய்: சன்சேட.

செல்வக்குமார்: பாக்காம? வரும்போதே அடியில நின்னு அண்ணாந்து பாத்து, கையால அளந்துட்டுத்தான உள்ள வந்தேன். முளுசா ரெண்டு முளம். ரெக்கை எங்கிட்டுக்கா போகும்?

தங்கத்தாய்: அளந்தியா?

செல்வக்குமார்: பின்ன? என் தொளிலே அதான.

தங்கத்தாய்: ...சரி.

செல்வக்குமார்: பெரிய ரோட்டுல நாலு பேரு மடக்குன ரெக்கையப் பாத்தா என்ன, விரிச்ச ரெக்கையப் பாத்தா என்ன?

தங்கத்தாய்: பெரிய ரோட்டப் பத்தி எனக்கென்னலே? நம்ம தெருவுல கட்டில விட்டு எந்திரிக்க முடியாம கெடக்குறவக இருக்காக. பட்டாசுக் கம்பெனியில பகலெல்லாம் வெந்துட்டு வந்து வாசல்ல நிக்குற பொம்பளைக இருக்காக. அவுக ரெக்கையப் பாக்குறது இந்த முக்குல மட்டுந்தான். அது ஒனக்குத் தெரியாதா?

செல்வக்குமார்: தெரியும்க்கா... விடேன்.

தங்கத்தாய்: அன்னத்துப் பேச்சு பேசையில மொகம் எப்படி இருந்துச்சு, இப்ப எப்படி இருக்கு...

கருப்பணன்: தங்கம்... உள்ளயா இருக்க? அட, செல்வம்! எப்பப்பா வந்த?

செல்வக்குமார்: வாங்க சின்னையா. இப்பத்தான். நல்லா இருக்கீகளா?

கருப்பணன்: இருக்கேன், இருக்கேன். ஆசாரி கோயில்ல ஆணியும் சுத்தியலுமா உக்காந்திருக்காரு. நீ வந்துட்டன்னு சொன்னாக, "இருங்க ஆசாரி"ன்னுட்டு ஓடியாரேன். ஒரு வார்த்தை சொல்லுப்பா, எனக்குப் போதும். எடது ரெக்கைக்கு நீ ஆச்சா?

செல்வக்குமார்: ஆணியே அடிச்சுருங்க சின்னையா.

கருப்பணன்: நீயா சொல்ற?

செல்வக்குமார்: அந்தச் சன்சேடு இருக்குற வரைக்கும்...

கருப்பணன்: சன்சேடு...

தங்கத்தாய்: சின்னையா! நீங்க கோயிலுக்குப் போங்க. நாங்க வந்து சொல்றோம்.

கருப்பணன்: இல்லம்மா, இவன் என்னமோ...

தங்கத்தாய்: போங்கன்னா. ஆசாரிக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. நான் வார வரைக்கும் ஆணியத் தொடக்கூடாதுன்னு சொல்லிருங்க.

கருப்பணன்: அக்காளும் தம்பியும் என்னமோ பண்ணுங்க. பொளுது சாயுது, மறந்துராதீக.

செல்வக்குமார்: பெரிய மனுசன எதுக்குக்கா இப்படி வெரட்டுற?

தங்கத்தாய்: ஏலே, என் மொகத்தப் பாரு. பத்து நாள்ல திரும்பிப் போறியா?

செல்வக்குமார்: ஆமா...

தங்கத்தாய்: நாளைக்கு வரப்போற அம்மன் மேல ஆணையா?

செல்வக்குமார்: ஆணையெல்லாம் எதுக்குக்கா...

தங்கத்தாய்: குக்கரு, தலகாணி, சோப்பு டப்பா... பாத்ரூம் வாளி மட்டுந்தான் வரல.

செல்வக்குமார்: ...போகலக்கா.

தங்கத்தாய்: வேலை?

செல்வக்குமார்: இல்ல. போச்சு.

தங்கத்தாய்: சொல்லுப்பா. என்ன நடந்துச்சு?

செல்வக்குமார்: அந்தப் புதுப் பிளேனுக்கு ஆளெடுத்தாக. ரெக்கை மடங்கையில, விரியையில கீள நின்னு பாக்குறதுக்குத் தனிப் பயிற்சி. என் பேருதான் மொத பேரு. எம்புட்டு சந்தோசம் தெரியுமா எனக்கு? அதுக்கு முன்னால கண்ணு டெஸ்ட்டுன்னாக...

தங்கத்தாய்: ம்.

செல்வக்குமார்: நேராப் பாத்தா எல்லாம் தெரியுதுக்கா. ஒன் மூக்குத்தி தெரியுது. எடது கண்ணுலதான் ஓரம் இல்ல. திரையப் பாதி இளுத்து விட்டாப்புல இருக்கு. கண்ணுக்குள்ள பிரசராம். வலியே இல்லாம வந்துருக்கு, எனக்கே தெரியல. போனது திரும்ப வராது, இருக்குறதக் காப்பாத்திக்கன்னு சொட்டு மருந்து குடுத்துருக்காக.

தங்கத்தாய்: ஒளுங்கா விடுறியா?

செல்வக்குமார்: விடுறேன்.

தங்கத்தாய்: நெசமா?

செல்வக்குமார்: விடுறேன்க்கா. ரெக்கை பாக்குறவனுக்கு ஓரந்தான உத்தியோகமே? ஓரம் தெரியாதவன எவன் கிட்ட விடுவான்? ரோஜாகிட்ட இன்னும் சொல்லல. வீட்டுக்குப் போகவே கால் வரல. அதான் இங்கன வந்துட்டேன்.

தங்கத்தாய்: ஏங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

செல்வக்குமார்: ஒங்கிட்டதான் சொல்ல முடியல. "என் தம்பி வந்தா அம்மன் ரெக்கை விரிப்பா"ன்னு தெரு பூரா சொல்லி வச்சிருக்க. எனக்கு மட்டும் ஆசையில்லையா? அங்கன எந்தப் பிளேன் ரெக்கைக்குக் கீள நடந்தாலும் எனக்கு ஒன் குரலுதான் கேக்கும், "எடது வரட்டும், வரட்டும்"னு. ஆனா என் கண்ணால இன்னொருத்தன் தோள்ல பலகை விளுந்துச்சுன்னா? அதுக்கு ஆணியே தேவலன்னு தோணுச்சு.

தங்கத்தாய்: அளாத... மருந்து விட்ட கண்ணு.

செல்வக்குமார்: நீயுந்தான் அளுற.

தங்கத்தாய்: நான் வெங்காயம் உரிச்சேன்.

செல்வக்குமார்: எங்க உரிச்ச? அப்ப இருந்து கால் வெரலப் புடிச்சுக்கிட்டுல்ல உக்காந்துருக்க... சொல்லுக்கா, எதுல கண்டுபிடிச்ச? காப்பி டம்ளர்லயா, குக்கர்லயா?

தங்கத்தாய்: ரெண்டுலயும் இல்லலே. அந்தச் சன்சேட நான் போன வெள்ளிக்கிளமையே இடிச்சுத் தள்ளிட்டேன். கொத்தனாரோட சேந்து நானும் கடப்பாரை புடிச்சேன். நீ வந்து முக்குல நின்னு பாத்துட்டு, "அக்கா, எடம் கெடச்சிருச்சு!"ன்னு கத்துவன்னு காலையில இருந்து உள்ளயும் வெளியயுமா அலைஞ்சேன். நீ என்னடான்னா அந்த இடிச்ச கல்லுலயே தடுக்கி விளுந்து, நகத்தப் பேத்துக்கிட்டு, உள்ள வந்து உக்காந்து, இல்லாத சன்சேட ரெண்டு முளம்னு அளந்து சொல்ற... எந்திரி. ரோஜாகிட்ட ராத்திரி நானே கூட வந்து பேசுறேன். கடையாணி போடக் கை போதும். அன்னைக்கு மட்டும் நுனியப் பாத்தா போட்ட? நான் படிக்கல்லுல நின்னு சொல்றேன், நீ கேட்டுப் பூட்டு. எவனாவது முக்குல வெடியக் கையில எடுத்தான்னா அவன நான் பாத்துக்கிடுறேன். நொண்டிக்கிட்டே வா, ஆசாரி ஆணியத் திரும்பப் பைக்குள்ள போடுறதப் பாத்துட்டு வந்துருவோம்... ஏலே, அங்கிட்டு இல்ல, என் கையப் புடிச்சுக்கிட்டு இந்தப் பக்கமா வா. எடது பக்கம் இன்னும் கல்லு கெடக்கு.